விளையாடப்படாத விளையாட்டுப் பொருட்கள்

பழைய உலோகப் பொம்மைக் கார்களைச் சேகரிப்போரிடையே ஓர் எழுதாத சட்டம் உண்டு. காருக்கு ஒரு விலை. அது வந்த அட்டைப்பெட்டியோடு கிடைத்தால் இன்னொரு விலை. வர்ணம் உரியாமல், சில்லுத் தேயாமல், பெட்டியின் மடிப்புக் கிழியாமல் இருப்பின் ஏலத்தில் அதற்குத் தனி மரியாதை. அதாவது, எந்தப் பிள்ளை விளையாடவேயில்லையோ அந்தப் பிள்ளையின் பொம்மைக்கே மதிப்பு அதிகம். இதனை என்னால் ஏற்க முடியவில்லை.

மெட்ச்பொக்ஸ் கார்கள் பிறந்த கதையைப் பாருங்கள். 1947 ஆம் ஆண்டு இலண்டனில் லெஸ்லி ஸ்மித், ரொட்னி ஸ்மித் என்ற இருவர் (பெயர் ஒன்றாயினும் உறவினர் அல்லர்) லெஸ்னி ஸ்தாபனத்தை ஆரம்பித்தனர். பின்னர் அவர்களோடு இணைந்தவர் ஜக் ஓடெல். அவருடைய மகளின் பாடசாலையில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்பது விதி. அவர் பித்தளையில் ஒரு குட்டி ரோட் ரோலர் செய்து கொடுத்தார். 1953இல் விற்பனைக்கு வந்த மெட்ச்பொக்ஸ் வரிசைக்கு அதுவே வித்து. பிள்ளையின் சட்டைப்பையில் கிடந்து உரசுப்படுவதற்கென்றே பிறந்த பொருள், இன்று கண்ணாடிப் பேழைக்குள் தொடக்கூடாததாய் நிற்கின்றது.

விலை ஏறுவது இயல்புதான். டிங்கியின் லிவர்பூல் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது; லெஸ்னி 1982இல் வங்குரோத்தானது. ஆனால் 'புதிது போன்ற' நிலைக்கு இத்தனை பணம் கொடுக்கப்படும்போது, பழைய வர்ணத்தைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவோரும் பெட்டியின் நகலை அச்சிடுவோரும் தோன்றாமல் இருப்பார்களா? நகலென்று சொல்லி விற்பதில் பிழையில்லை. இரண்டு மூன்று கை மாறியபின் அதைச் சொல்வார் இல்லை என்பதே வில்லங்கம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போருக்கு முந்திய டிங்கி கார்கள் பலவற்றின் நாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டது. அவ்வாறானவை காலப்போக்கில் உள்ளிருந்தே வெடித்து, வீங்கி, உதிர்ந்து போகின்றன. பெட்டியை விட்டு ஒருநாளும் வெளியே எடுக்காவிட்டாலும் அதுவே கதி. ஈரலிப்பு அதைத் துரிதப்படுத்தும். எந்தப் பூட்டும் அதைத் தடுக்காது.

ஏலப் பட்டியல்களில் 'விளையாடித் தேய்ந்தது' என்று சற்று இரக்கத்தோடு குறிப்பிடப்படும் கார்களையே நான் தேடுகின்றேன். கூரையில் வர்ணமில்லையெனில் அது பலதடவை குப்புற விழுந்திருக்கின்றது. சிலவற்றின் அடித்தட்டில், முன்னைய சொந்தக்காரர் ஆணியால் கீறிய முதலெழுத்துக் கூட இருக்கும். நல்லவேளையாக, இவை மலிவு.