மூக்குக்கண்ணாடிக்கும் அளவு உண்டு

பள்ளிச் சீருடையை ஓர் அளவு பெரிதாக வாங்கினால் அடுத்த ஆண்டும் போடலாம். மூக்குக்கண்ணாடியை அப்படி வாங்கக் கூடாது, மாணவர்களே. பவர் சரியாக இருந்தாலும், பிரேம் பொருந்தாவிட்டால் பார்வை சரியாகாது.

உங்கள் கண்ணாடித் தண்டின் உட்புறத்தைப் பாருங்கள். 50, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் ஒரு வில்லையின் அகலம். இரண்டாவது, மூக்கின் மேல் இரு வில்லைகளுக்கும் உள்ள இடைவெளி. மூன்றாவது, தண்டின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில்.

முதல் இரண்டையும் கூட்டினால் 68. இது பிரேமின் இரு பக்க நடுப்புள்ளிகளுக்கு இடையிலான தூரம். உங்கள் கண்பாவைகளுக்கு இடையே 60 மி.மீ.தான் என்று வைத்துக்கொள்வோம். அதை அளக்காமல், வில்லையின் ஒளிமையத்தைப் பிரேமின் நடுவிலேயே வைத்துவிட்டால், ஒவ்வொரு கண்ணும் மையத்தைவிட்டு 4 மி.மீ. விலகிப் பார்க்கும். அப்போது வில்லை ஒரு பட்டகம்போல் ஒளியைத் திருப்புகிறது. எவ்வளவு? விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்குங்கள். இதுவே பிரென்டிஸ் விதி. பவர் 4 என்றால், 0.4 × 4 = 1.6. அதாவது, 1 மீட்டர் தூரத்தில் உள்ள பொருள் 1.6 செ.மீ. தள்ளித் தெரியும். கண் தசைகள் நாள் முழுவதும் அதை ஈடுகட்ட வேண்டும். தலை வலிக்கும், புத்தகத்தை மூடத் தோன்றும். கடைசியில் 'படிக்காத பிள்ளை' என்ற பெயர்தான் மிஞ்சும்.

வியர்வையில் கண்ணாடி மூக்கில் இறங்கினால் இன்னொரு சிக்கல். கிட்டப்பார்வை வில்லை கண்ணைவிட்டு விலக விலக அதன் பலன் குறையும். பலகை எழுத்து மங்கியதும் பவர் ஏறிவிட்டது என்று நினைக்கிறோம். மூக்குப் பட்டையை நெருக்கி, தண்டு காதின் மேல் சரியாக வளையும்படி செய்தாலே சில வேளை போதும்.

கோலா சாவாவிலிருந்து சிரம்பானுக்கு அப்பா ஒரு நாள் வேலையை விட்டு அழைத்துப் போகிறார் என்றால், அந்தப் பயணம் வீணாகக் கூடாது. 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி பதிவு பெற்றவரிடம் போங்கள். "என் கண்பாவை இடைவெளி எவ்வளவு?" என்று கேளுங்கள். கண்ணாடியை மாட்டிக் குனிந்து பாருங்கள். நழுவினால் அங்கேயே சரிசெய்யச் சொல்லுங்கள். இணையக் கடை மலிவாக இருக்கலாம், ஆனால் தண்டை உங்கள் காதுக்கேற்ப வளைத்துத் தராது.

கேட்கக் கூச்சப்படாதீர்கள். பவரை எழுதித் தருவது பாதி வேலை. முகத்தில் பொருத்துவது மீதிப் பாதி. இரண்டுக்கும் சேர்த்துத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.