சக்கரத்துக்குக் கொலுசு!

கோயமுத்தூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். கல்யாணமாகி நாலு வருஷம், கையில் இரண்டு வயசுக் குழந்தை. கணவருக்குக் கார் என்றால் உயிராம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், அவரைப் போலவே கார் பைத்தியம் பிடித்த நாலைந்து பேர் ஒரு டீக்கடை முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்களாம். பேச்சு எஞ்சினில் தொடங்கி டயருக்குப் போய், கடைசியில் வந்து நிற்கிற இடம் எது தெரியுமோ? நம்முடைய புடவை பீரோ!

“எங்க வீட்டுக்காரி வாங்கின புடவையை எல்லாம் வித்தா இன்னொரு காரே வாங்கலாம்” என்பார் ஒருத்தர். “மேட்சிங் பிளவுஸ், மேட்சிங் வளையல், மேட்சிங் செருப்பு... நல்ல வேளை, மேட்சிங் புருஷன் கேக்கலை” என்பார் இன்னொருத்தர். உடனே எல்லோரும் ‘கொல்’லென்று சிரிப்பார்களாம்.

“நானும் அன்னிக்குக் காரில்தான் உட்கார்ந்திருந்தேன் அக்கா. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. முந்தின நாள்தான் அவர் நாலு சக்கரத்துக்கும் அலாய் வீல் போட்டு 46,000 ரூபாய் கொடுத்துவிட்டு வந்திருந்தார். தீபாவளிக்கு நான் எடுத்த புடவை 3,200” என்று எழுதியிருக்கிறார்.

அடேயப்பா! கணக்குப் போட்டால் ஒரு சக்கரத்துக்கு மூன்றரைப் புடவை.

கோபப்பட்டு என்ன செய்ய? வாருங்கள், நாமும் கொஞ்சம் சிரித்துப் பார்ப்போம். அலாய் வீல் என்றால் என்ன? கம்பெனிக்காரன் கொடுக்கிற இரும்புச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அலுமினியக் கலவையில் வார்த்த பளபளப்பான சக்கரத்தை மாட்டுவது. எடை குறைவு, பார்க்க அழகு, மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர்ப் பள்ளத்தில் ‘தடால்’ என்று இறங்கினால் இரும்புச் சக்கரம் வளையும், தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் அதோ கதி! நாம் காலில் போடுகிற கொலுசாவது திருகு போனால் பத்தர் பற்ற வைத்துத் தருவார்.

கொலுசு ஆயிற்றா? இனி ஒவ்வொன்றாகப் பாருங்களேன். கண்ணாடிக்கு ஃபிலிம், அது கூலிங் கிளாஸ். பின்னால் டிக்கி மேலே நீட்டிக்கொண்டு நிற்கிற ஸ்பாய்லர் இருக்கிறதே, அது சவுரி வைத்துத் தூக்கிக் கட்டின கொண்டை. பந்தயத் தடத்தில் பறக்கிற வண்டியைத் தரையோடு அழுத்திப் பிடிக்க ஏற்பட்ட சாமான் அது. காந்திபுரம் சிக்னலில் ஊர்கிற வண்டிக்கு அதனால் ஆகப்போவது என்ன? காக்காய் வந்து உட்காரலாம். முன்னால் மாட்டுகிற இரும்புக் கம்பி ஒட்டியாணம். சீட் கவர் பிளவுஸ், அதிலும் அளவு எடுத்துத் தைத்தது வேண்டும், ரெடிமேட் ஆகாது! செராமிக் கோட்டிங் என்று ஒன்று, வண்டியைக் கழுவித் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே ஒரு திரவத்தைப் பூசி, ஒரு நாள் முழுக்க உலர விடுகிறார்கள். சாட்சாத் ஃபேஷியல்தான். நம் முகத்துக்கு ஆயிரம் ரூபாய் என்றால் “அங்கே என்ன தங்கத்தையா பூசறாங்க?” என்று கேட்கிற மனுஷர், பானட்டுக்கு இருபதாயிரத்தை எண்ணி வைத்துவிட்டு, “பெயின்ட்டுக்குப் பாதுகாப்பு” என்கிறார்.

அந்த வார்த்தையில்தான் சூட்சுமம். நாம் வாங்கினால் ‘ஆசை’, அவர் வாங்கினால் ‘பாதுகாப்பு’, ‘பெர்ஃபார்மன்ஸ்’, ‘ரீசேல் வேல்யூ’.

இதில் பெரிய வேடிக்கை என்ன என்றால், காருக்கு ஃபாஷன் சொல்லிக்கொடுத்ததே நம்முடைய உடுப்பு வியாபாரம்தான். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியின் ‘மாடல் டி’ கார் 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒரே நிறத்தில்தான் வந்தது. மலிவான, உழைக்கிற வண்டி, போதாதா? போதும் என்றுதான் ஹென்றி ஃபோர்டு நினைத்தார். எதிர்முகாமில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு விதமாக யோசித்தார். வண்டி ஓடாமல் போனால்தான் ஜனங்கள் புதுசு வாங்க வேண்டுமா, பழசாகத் தெரிந்தாலே வாங்கமாட்டார்களா? வருஷத்துக்கு வருஷம் நிறத்தை மாற்று, முகத்தை மாற்று! இதற்கு அவரே பாரிஸ் நகரத்து உடை தைப்பவர்களைத்தான் உதாரணம் காட்டினார். 1927-ல் அழகுக்கும் நிறத்துக்கும் என்றே அந்தக் கம்பெனியில் தனி இலாகா திறந்து, ஹார்லி ஏர்ல் என்பவரை உட்கார வைத்தார்கள். அவர் அதற்கு முன் ஹாலிவுட் சினிமா நட்சத்திரங்களுக்குக் கார் அலங்கரித்துக் கொடுத்தவர். அதே 1927-ல்தான் ‘மாடல் டி’யும் நின்றது. பட்டறைகளில் ‘டூகோ’ பெயின்ட் என்று சொல்கிறோமே, அந்த டூகோ வர்ணமும் 1920-களில் சீக்கிரம் உலர்கிற பல நிறச் சாயமாக வந்து இந்த வியாபாரத்துக்குக் கை கொடுத்ததுதான்.

ஆக, சினிமா பார்த்துவிட்டு மறுநாளே அதே பார்டர் புடவை தேடுகிற நம் வீட்டுப் பெண்ணும், முன்விளக்கு மாறிவிட்டது என்று போன வருஷத்து வண்டியை விற்கத் துடிக்கிற மாப்பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்து மாணவர்கள்.

நம் நாட்டில் இந்த வியாதி தாமதமாகத்தான் வந்தது. அம்பாசடர் கார் 2014-ல் தயாரிப்பு நிற்கிற வரை ஏறக்குறைய ஒரே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. மிஞ்சினால் பின் கண்ணாடிக்கு லேஸ் வைத்த திரை, சீட்டுக்குத் துருக்கித் துண்டு, டாஷ்போர்டில் ஒரு பிள்ளையார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, தொடர்ந்து ஒவ்வொரு வீட்டு வாசலாகக் கார் வந்தது. சென்னை ஜி.பி. ரோடில் இன்று ஒரு நடை போய்ப் பாருங்கள். தி.நகரில் துணிக்கடை வாசலில் “வாங்க மேடம், வாங்க மேடம்” என்று கூப்பிடுவதைப் போலவே அங்கே “சார், சீட் கவர் சார், ஸ்டீரியோ சார்!” உள்ளே போன ஐயா லேசில் வெளியே வரமாட்டார். அப்புறம் நாம் ரங்கநாதன் தெருவில் அரை மணி நேரம் கூட நின்றால் கடிகாரத்தைப் பார்ப்பார்.

இன்னொரு கதை சொல்கிறேன், நம் சிரிப்புக்கு மெருகு ஏறும். காரை உலகத்துக்குக் காட்டினதே ஒரு பெண். காரை உருவாக்கிய ஜெர்மானியர் கார்ல் பென்ஸ், கூட்டாளியோடு மல்லுக்கட்டித் தவித்தபோது பட்டறையைக் காப்பாற்றியது அவருக்கு மனைவியாக வரப்போகிறவர் பெர்த்தாவின் சீதனப் பணம். கார் தயாரான பிறகும் வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு, சுமார் 100 கிலோமீட்டர், காரிலேயே கிளம்பிவிட்டார். பெட்ரோல் பங்க் ஏது? மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா என்ன செய்தார் தெரியுமா? தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி அடைப்பை நீக்கினார்! மின்கம்பி உரசியபோது காலுறையைக் கட்டும் நாடாவைச் சுற்றி ஒப்பேற்றினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடிக்கச் சொன்னார். உலகத்தின் முதல் நீண்ட கார் பயணத்தைக் காப்பாற்றியது ஒரு தொப்பி ஊசியும் ஒரு காலுறை நாடாவும். அடுத்த தடவை யாராவது “லேடீஸ் ஃபாஷன்” என்று இளித்தால் இதை எடுத்துவிடுங்கள்.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். கார் இன்ஷூரன்ஸ் தாளில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி திருடு போனால் அல்லது முழுசாக நொறுங்கினால் கிடைக்கிற மதிப்பு அது. வாங்கி ஆறு மாசத்துக்குள் விலையில் 5 சதவீதம் கழிப்பார்கள். ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நாலுக்குள் 40, ஐந்து வருஷத்துக்குள் சரிபாதி போய்விடும். 10 லட்ச ரூபாய் வண்டி 5 லட்சம் ஆகிவிடுகிறது. நீங்களாக மாட்டின ஸ்டீரியோ, அலாய் வீல் எல்லாம் அந்தத் தொகைக்குள் வராது. தனியாகச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் உண்டு. வீட்டில் யாரிடமாவது இதைக் கேட்டுப் பாருங்கள், சொன்னார்களா என்று. ‘ரீசேல் வேல்யூ’ என்கிறவர்களில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள்.

புடவையும் முதலீடு இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். அசல் ஜரிகையானால் பழசை எடுத்துக்கொள்ள ஆள் உண்டு, அவ்வளவே. ஆனால் ஒரு காஞ்சிபுரம் பட்டு முப்பது வருஷம் கழித்துப் பெண்ணுக்குப் பாவாடை தாவணியாகும். நூல் புடவை குழந்தைக்குத் தூளியாகும் (போன இதழில் எழுதியிருந்தேனே), கடைசியில் என்ன ஆகும்? காரைத் துடைக்கிற துணி! எங்கள் வீட்டில் இரண்டு நல்ல சுங்குடிப் புடவைகள் அந்த வழியாகத்தான் மோட்சம் போயின.

அலங்காரம் என்றால் பணம் மட்டும் போகும், சும்மா விட்டுவிடலாம். சில அலங்காரம் ஆபத்தும் கொண்டு வருகிறது. அந்த ஒட்டியாணக் கம்பி மோதலின் வேகத்தை வேறு விதமாகக் கடத்தி, ஏர்பேக் சரியான சமயத்தில் விரியாமல் செய்யக்கூடும். நடந்து போகிறவர்மேல் பட்டால் அவர் கதி அதைவிட மோசம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு இதன் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. கறுப்பு ஃபிலிமை 2012-ல் உச்ச நீதிமன்றம் தடுத்தபோது, காசு கொடுத்து ஒட்டினவர்கள் காசு கொடுத்துச் சுரண்டினார்கள். சீட் கவர் விஷயத்தில் நீங்களே ஒன்று பார்க்கலாம். முன் சீட்டின் கதவுப் பக்கத்து ஓரத்தில் ஏர்பேக் என்று சின்ன எழுத்து இருக்கிறதா? இருந்தால் அங்கேதான் பக்கவாட்டுப் பை விரியும். அதை இறுக்கித் தைத்த கவர் போட்டு மூடினால் பை எப்படி வெளியே வரும்? கண்ணாடியில் தொங்குகிற வாசனை சமாசாரமும் கார் பயணத்தில் வாந்தி எடுக்கிற குழந்தைக்கு இன்னும் குமட்டலைத்தான் கொடுக்கும்.

கோயமுத்தூர் சகோதரியின் கடிதத்தில் கடைசி நாலு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். “ஏனுங்க, பாப்பாவுக்கு ஒரு சீட் வாங்கிப் போட்டுரலாமுங்களா?” என்று இவர் கேட்டிருக்கிறார். விலை 9,000 ரூபாய். “அதெல்லாம் எதுக்கு வீண் செலவு? மடியில வெச்சுக்க” என்று பதில் வந்திருக்கிறது.

இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிற வண்டி எதிலாவது மோதி நின்றால், உள்ளே இருப்பவர் படுகிற அடி ஏறக்குறைய 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த நொடியில் மடியில் இருக்கிற 12 கிலோ குழந்தையை எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்தாது. அன்பு குறைவு என்பதில்லை, கைக்கு அந்த பலம் கிடையாது. முன் சீட்டில் வைத்துக்கொண்டால் டாஷ்போர்டுக்கும் நமக்கும் நடுவில் குழந்தைதான் மெத்தை. நம்முடைய பெல்ட்டையே குழந்தைக்கும் சேர்த்துப் போடுவதும் ஆகாது, நம் எடையே அதை நசுக்கும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் 14 வயசுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட் அல்லது குழந்தை சீட் இல்லாமல் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது.

ஆகவே, சகோதரி, உங்களவரிடம் ‘பாப்பாவுக்குச் சீட்’ என்று கேட்காதீர்கள். அவர் பாஷையில் கேளுங்கள். “நம்ம வண்டியில ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்குதுங்களா?” என்று ஒரு வார்த்தை போடுங்கள். பின் சீட்டின் முதுகும் உட்காருகிற பாகமும் சேருகிற இடுக்கில் இருக்கிற இரும்பு வளையம் அது, குழந்தை சீட் அதில் ‘டக்’கென்று மாட்டிக்கொள்ளும். கார் பிரியரால் இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் தூங்க முடியாது. எந்த சீட், எவ்வளவு எடை, நம் வண்டிக்குப் பொருந்துமா என்று அவரே ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்ப்பார். வண்டிக்கு இன்னொரு ஆக்ஸெஸரிதானே!

வாங்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். சின்னக் குழந்தை பின் சீட்டில், பின்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். மோதலில் தலையையும் கழுத்தையும் சீட்டின் முதுகு தாங்கிக்கொள்ளும். முதல் பிறந்த நாள் வந்ததும் முன்பக்கம் திருப்ப அவசரம் வேண்டாம், சீட்டில் போட்டிருக்கிற எடை, உயரம் வரை அப்படியே இருக்கட்டும். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் பின்பக்கம் பார்க்கும் சீட்டை வைக்கவே கூடாது. யாரோ கொடுத்த பழசு, விபத்தில் அடிபட்டதா என்று தெரியாதது, வேண்டாம். மாட்டின பிறகு பெல்ட் நுழைகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையின் தோள் வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.