பெயர் மாற்றுவது வீண் வேலையா?

பிறிதொரு நிரலை இடையில் நிறுத்தி, எந்த வரியில் நிற்கிறது, எந்த மாறியில் என்ன மதிப்பு உள்ளது என்று காட்டும் கணிப்பொறி நிரலுக்கு டிபக்கர் என்று பெயர். பிழை தேடுவோர்க்கு அதுவே விளக்கு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் உருவாக்கிய ஜி.டி.பி. அவ்வகையில் புகழ்பெற்றது. அதன் உள்ளமைப்புகளுக்குப் புதுப்பெயர் சூட்டுவதில் பலர் பெரிதும் உழைத்துள்ளனர். பயன்படுத்துவோர்க்குப் புதிதாக ஒன்றும் கிட்டாத இவ்வுழைப்பு வீண் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

‘சிம்டேப்’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். சி மொழியில் ஒரு மூலக் கோப்பும் அது சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்புகளும் கூடி, ஒரே தொகுப்பு அலகாக மொழிபெயர்க்கப்படும். ஜி.டி.பி.யில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிம்டேப் இருந்தது. அவற்றுள் ஒன்றை முதன்மையானது எனக் குறித்து, அதையே முழு அலகுக்கும் பிரதிநிதியாக வைத்திருந்தனர். குடும்பத் தலைவரின் பெயரையே குடும்பத்திற்கும் வைத்தது போன்ற நிலை! நிரலைப் படிப்பவர் ஒவ்வோரிடத்திலும் குறிக்கப்படுவது கோப்பா, அலகா என்று ஊகிக்க வேண்டியிருந்தது. பலபொருள் ஒருசொல் செய்யுளுக்கு அழகு, நிரலுக்கு அன்று.

2014இல் இரண்டும் பிரிக்கப்பட்டன. அலகுக்குக் ‘கம்ப்யூனிட் சிம்டேப்’ என்னும் தனிப்பெயர் வந்தது. அதன் பின்னர், அலகை வேண்டும் இடத்தில் கோப்பைத் தந்தால் கம்பைலரே தடுத்துவிடும். மனிதக் கண்ணை மட்டும் நம்பியிருந்த காவல் பொறியின் கைக்கும் சென்றது. இதை வீண் வேலை என்பது எங்ஙனம் பொருந்தும்? டிபக்கர் தவறான மதிப்பைக் காட்டினால், அதை நம்பியவர் குற்றமற்ற தம் நிரலில் குற்றம் தேடி நாட்களைப் போக்குவாரன்றோ! 2019இல் ‘காமன்’ என்ற அடைவு ‘ஜி.டி.பி.சப்போர்ட்’ ஆனதும் நல்லதே. ‘பொது’ என்னும் பெயர் உள்ளிருப்பது இன்னதென்று உணர்த்துவதில்லை.

எதிர்ப்போர் கூற்றிலும் நியாயம் உண்டு. பழைய பெயர்களை நம்பிப் பிறர் எழுதிய திருத்தங்கள் பொருந்தாமற் போகும். ஒரு வரியை முதலில் எழுதியவரைத் தேடினால் பெயர் மாற்றியவரே முன்னிற்பார். ஆதலின் பெயர் மாற்றத்தையும் செயல் மாற்றத்தையும் ஒரே திருத்தத்தில் கலத்தல் ஆகாது. நூறு பெயர் மாற்றங்களுக்கிடையே ஒளிந்த ஒரு செயல் மாற்றம் சரிபார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆய்வுக்குள்ளாகும் நிரலை ஜி.டி.பி. ‘இன்பீரியர்’ என்றழைப்பது நமக்கு உவப்பானதன்று. எனினும் அதை மாற்றுமாறு நாம் கேளோம். அப்பெயர் உள்ளறையில் மட்டுமன்றி, பயன்படுத்துவோர் தட்டச்சிடும் கட்டளைகளிலும் இடம்பெற்றுவிட்டது.