முதல் கேள்வி நொதிக்கு: ஒரு தொடக்கப் பிரகடனம்

கடலூர் சிப்காட், ஆலத்தூர், ராணிப்பேட்டை வட்டாரங்களின் மருந்து, ரசாயன ஆலைகளில் ரியாக்டர் ஓட்டுபவர்களும், ஆய்வுக்கூடத்தில் வினைவழி வகுப்பவர்களும், கழிவுநீரோடு மல்லுக்கட்டுபவர்களும், வேதியியல் மாணவர்களும் ஒரு முதன்மைக் கோரிக்கைக்காக இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். ஒரு பொருளுக்குத் தயாரிப்பு வழி வகுக்கும்போது ஒவ்வொரு படியிலும், 'இதை நொதியால் செய்ய முடியாதா?' என்று முதலில் கேட்க வேண்டும். முடியாதென்றால் அதற்கான சோதனை முடிவு கோப்பில் இருக்க வேண்டும். இதுவரை நொதி வேண்டும் என்றவர்தான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். இனி உலோக வினையூக்கி வேண்டும் என்பவர் சொல்லட்டும்.

அமாக்சிசிலின் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். அதற்கு அடித்தளமான 6-ஏபிஏ என்னும் இடைப்பொருளைப் பென்சிலின் ஜி-யிலிருந்து பெற, ஒரு காலத்தில் டைகுளோரோமீத்தேனும் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடும் மைனஸ் 40 டிகிரிக் குளிரும் தேவைப்பட்டன. பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு ஈரம் பட்டாலே புகையும். டிரம்மைத் திறந்து கொட்டியவருக்குத்தான் அதன் அருமை தெரியும். இன்று அதே வேலையைப் பென்சிலின் அசைலேஸ் என்ற நொதி தண்ணீரில், உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் முடித்துவிடுகிறது. நொதியைச் சிறு மணிகளில் பிணைத்துவிடுவதால் அதே மணிகள் நூற்றுக்கணக்கான பேட்ச்களுக்கு உழைக்கின்றன. ஆலைகள் மாறியது இயற்கை மீது வந்த பாசத்தால் மட்டும் அல்ல. செலவுக் கணக்கும் ஒத்துவந்தது.

நொதிக்குத் தன் இயற்கைப் பொருளைத் தவிர வேறொன்றும் பிடிக்காது, கரைப்பான் பட்டால் செத்துவிடும் என்பது மேலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. சர்க்கரை நோய்க்கான சிட்டாகிளிப்டின் அந்தச் சாக்கை எப்போதோ உடைத்துவிட்டது. மெர்க் நிறுவனம் முதலில் அதை ரோடியம் வினையூக்கியோடு, உயர் அழுத்த ஹைட்ரஜன் செலுத்தித் தயாரித்தது. கோடெக்சிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு டிரான்ஸ்அமினேஸ் நொதியைத் தேடியபோது, இருந்தவற்றில் எதுவும் அந்த மூலக்கூறைத் தொடவே இல்லை. படிப்படியாக மாற்றி, தேர்ந்தெடுத்து, மீண்டும் மாற்றினார்கள். 27 இடங்களில் மாறிய நொதி, பாதிக்குப் பாதி டைமெத்தில் சல்பாக்சைடு கலந்த கலவையில், 40 டிகிரியில் வேலை செய்தது. 2010-இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையின்படி விளைச்சல் 10 முதல் 13 சதவீதம் கூடியது, கழிவு 19 சதவீதம் குறைந்தது, ரோடியமே தேவைப்படவில்லை. நொதிகளை இப்படி வழிநடத்திப் பரிணமிக்க வைக்கும் முறைக்காக ஃபிரான்சிஸ் அர்னால்டு 2018-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனாலும் நம் ஊர்க் கூட்டங்களில் 'என்சைமா? அது பீருக்கும் சோப்புத் தூளுக்கும் சார்' என்ற பதில் இன்னும் வருகிறது.

விலை உயர்ந்த மருந்துக்குத்தான் இது கட்டுப்படியாகும் என்பது அடுத்த சாக்கு. ஜப்பானின் நிட்டோ நிறுவனம் 1985 முதல் அக்ரிலமைடை, செம்பு வினையூக்கியை விட்டுவிட்டு, பாக்டீரிய நொதியால் தயாரித்தது. அக்ரிலமைடு டன் கணக்கில் விற்கும் சரக்கு. நம் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டிகளில் கசடு திரளப் போடும் பாலிஅக்ரிலமைடும் அதிலிருந்து வருவதுதான்.

ஒரு கிலோ மருந்து தயாரிக்க 25 முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு சேர்கிறது என்று 1992-இல் ரோஜர் ஷெல்டன் கணக்குக் காட்டினார். சேர்வதில் பெரும்பங்கு கரைப்பான். இந்த எண்ணை ஒவ்வொரு பொருளுக்கும் ஆலைகளே வெளியிட வேண்டும் என்று கோருகிறோம்.

நொதி என்றாலே பசுமை என்று முத்திரை குத்த மாட்டோம். வினை முடிந்த தண்ணீரில் கரிமச் சுமை இருக்கும். அதையும் சுத்திகரித்தே ஆக வேண்டும். நொதித் தூள் மூச்சில் ஏறினால் ஆஸ்துமா வரலாம். 1960-களின் இறுதியில் பிரிட்டனின் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்கள் அதை அனுபவித்தார்கள்; பிறகுதான் நொதியைப் பூச்சிட்ட குறுணையாக்கினார்கள். எங்கள் ஆலைகளில் நொதி, திரவமாகவோ மணியில் பிணைத்தோ மட்டுமே வர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

சிறிய ஆலைகளுக்குப் பெரிய தடை அறிவியல் அல்ல, காப்புரிமையும் நொதி விலையும்தான். பென்சிலின் ஜி போன்ற மூலப்பொருள்களை இங்கேயே தயாரிக்க மத்திய அரசு 2020-இல் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. அந்தப் பொருள்களைச் செய்யும் நொதிகளுக்கும் அதே ஊக்கம் வேண்டும். சண்டிகரில் அரசின் நுண்ணுயிர்ச் சேகரிப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்தி ஆய்வு நிறுவனங்கள் சிறு ஆலைகளுக்கென ஒரு பொது நொதித் தொகுப்பை உருவாக்கித் தர வேண்டும்.

இயக்கத்தில் சேரச் சந்தா இல்லை. சேர்பவர்கள் தம் பொறுப்பில் உள்ள ஒரு வினைப்படியிலாவது நொதியைச் சோதித்து, முடிவு தோல்வியானாலும், நிறுவன ரகசியம் கெடாமல் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். முதல் ஆண்டில் கீட்டோன்களை ஆல்கஹாலாக ஒடுக்கும் படிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதற்கான கீட்டோரிடக்டேஸ் நொதிகள் சோதனைத் தொகுப்புகளாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. நொதிக்குத் துணையாக வேலை செய்து தீரும் துணைநொதியைப் புதுப்பிக்கப் பல வினைகளில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலே போதும். அது நம் கிடங்குகளில் டிரம் டிரம்மாக ஏற்கெனவே இருக்கிறது.