கூச்சி போகாவிட்டால் ஒன்றும் குறையாது

திருச்சியிலிருந்து வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு 2023-இல் நேரடி விமானம் தொடங்கியது. அதுவரை அந்த ஊரைப் போர்ப் படங்களில் மட்டுமே பார்த்திருந்த பலர், இப்போது குடும்பத்தோடு கிளம்பிப் போய்வருகிறார்கள். போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நகரத்தில் கிடைப்பது ஒரே ஒரு முழு நாள். மறுநாள் டா நாங், அடுத்து ஹனோய் என்று பயணத் திட்டம் ஓடிவிடும். அந்த ஒரு நாளுக்குச் சுற்றுலா நிறுவனங்கள் தரும் அட்டவணை ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்ததுதான்: காலையில் கூச்சி சுரங்கம், திரும்பி வந்து மதியச் சாப்பாடு, அதன் பிறகு மாலை ஐந்து மணிக்குள் அரண்மனை, போர் அருங்காட்சியகம், தேவாலயம், தபால் நிலையம், பென் தான் சந்தை. இந்த அட்டவணை தவறு. பாதி நாளைச் சாலையில் தின்றுவிட்டு, மீதிப் பாதியில் நகரத்தை வாசலில் நின்று படம் எடுக்கும் இடமாக்கிவிடுகிறது. முதல்முறை போகிறவர், ஒரே நாள் இருக்கிறவர், கூச்சியை விட்டுவிடுவதே நல்லது.

கூச்சியின் வரலாறு சிறியது என்று சொல்ல வரவில்லை. பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த காலத்தில் தோண்டத் தொடங்கி, அமெரிக்கப் போரின்போது 200 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட வலைப்பின்னல் அது. மண்ணுக்கு அடியில் சமையலறை, மருத்துவமனை, ஆயுதப் பட்டறை எல்லாம் இருந்தன. 1966-லும் 1967-லும் அமெரிக்கப் படை அந்த வட்டாரத்தில் நடத்திய பெரும் தாக்குதல்களாலும் அதை அழிக்க முடியவில்லை. ஆனால் இன்று பார்வையாளருக்குக் காட்டப்படுவது வேறு. வெளிநாட்டவர் உடம்பு நுழையும்படி அகலப்படுத்திய சில பத்து மீட்டர் சுரங்கம், ஒரு ஆவணப்படம், மூங்கில் முள் பொறிகளின் மாதிரிகள், போராளிகள் உண்டதென்று கையில் கொடுக்கும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் வேர்க்கடலைப் பொடியும். பக்கத்திலேயே துப்பாக்கி சுடும் களம். தோட்டாவுக்கு இவ்வளவு என்று காசு கட்டி ஏ.கே.47-ஐ வெடிக்கலாம். குண்டு விழுந்து செத்தவர்களின் நிலத்தில் பொழுதுபோக்குக்காகத் துப்பாக்கிச் சத்தம் கேட்பது எனக்கு உவப்பாக இல்லை. அந்த ரசனைக் குறையை விட்டாலும், கணக்கு உதைக்கிறது. நகர மையத்திலிருந்து அங்கே போக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், திரும்ப அதே அளவு. சுரங்கத்துக்குள் இருப்பது சில நிமிடங்கள்.

வியட்நாம் என்றாலே போர்தானே, அதை நேரில் உணர கூச்சியை விட்டால் வேறு எது என்று கேட்பார்கள். விடை நகர மையத்திலேயே, நடக்கும் தூரத்தில் இருக்கிறது. ஒன்றிணைப்பு மாளிகை என்று இன்று அழைக்கப்படும் தென் வியட்நாம் அதிபர் மாளிகையை வெறும் அழகுக் கட்டடமாகப் பார்த்துவிட்டு வரவேண்டியதில்லை. அங்கிருந்த பிரெஞ்சுக் கால மாளிகையை 1962-இல் சொந்த விமானப்படையின் விமானிகள் இருவரே குண்டுவீசிச் சிதைத்தார்கள். அந்த இடத்தில் புதியதைக் கட்ட வரைந்தவர் ங்கோ வியட் தூ. ரோம் பரிசு என்ற புகழ்பெற்ற கட்டடக்கலைப் பரிசை 1955-இல் வென்ற வியட்நாமியர். முகப்பில் வரிசையாக நிற்கும் கல் தடுப்புகள் மூங்கில் கணுக்களின் வடிவம்; வெயிலை மறைத்துக் காற்றை உள்ளே விடும். மேலே ஏறினால் மொட்டைமாடியில் ஒரு ஹெலிகாப்டர் நிற்கிறது. அதன் அருகே தரையில் இரண்டு சிவப்பு வட்டங்கள். 1975 ஏப்ரல் 8-ஆம் தேதி, தென் வியட்நாம் விமானப்படைக்குள்ளேயே இரகசியமாக வடக்குக்கு வேலை செய்த ஒரு விமானி வீசிய குண்டுகள் விழுந்த இடம் அது. கீழே நிலவறையில் தொலைத்தொடர்புக் கருவிகளும் சுவர் நிறைய வரைபடங்களும் அப்படியே இருக்கின்றன. ஏப்ரல் 30-ஆம் தேதி வாயில் கதவை இடித்துக்கொண்டு வந்த டாங்கிகளின் ரகத்தில் இரண்டு புல்வெளியில் நிற்கின்றன. அன்று வந்த அசல் டாங்கிகள் ஹனோயில். இருபது ஆண்டுப் போர் எங்கே முடிந்தது, உள்ளுக்குள்ளேயே அந்த ஆட்சி எப்படி ஓட்டையாகிக் கிடந்தது என்பதை மொட்டைமாடியின் அந்த இரண்டு வட்டங்கள் சொல்லும் அளவுக்குச் சுரங்கம் சொல்லாது. ஆனால் நிதானமாகப் பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். கூச்சியிலிருந்து களைத்து வருகிறவருக்கு வாய்ப்பது இருபது நிமிடம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் போர் நினைவு அருங்காட்சியகம். அது ஒருதலைப்பட்சமானது என்பது வழக்கமான குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. தோற்ற தென் வியட்நாமியப் படைவீரர்களின் சாவுக்கோ, 1975-க்குப் பின் மறுகல்வி முகாம்களில் அடைக்கப்பட்டவர்களுக்கோ, படகேறிக் கடலில் போனவர்களுக்கோ அங்கே இடம் இல்லை. இருந்தும் பார்க்க வேண்டிய இடம் என்பேன். போரில் உயிரிழந்த இரு தரப்புப் புகைப்படக்காரர்கள் எடுத்த படங்கள் அங்கே ஒரு தனிக் கூடமாக இருக்கின்றன; அவற்றில் பிரசாரம் குறைவு, முகங்கள் அதிகம். ஏஜென்ட் ஆரஞ்சு நஞ்சின் விளைவைக் காட்டும் கூடத்தைக் குழந்தைகளோடு போகிறவர்கள் யோசித்து நுழைவது நல்லது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1975 செப்டம்பரில் திறந்தபோது அமெரிக்கரும் அவர்தம் கைப்பாவைகளும் செய்த குற்றங்களின் காட்சிக்கூடம் என்று அதற்குப் பெயர். 1990-இல் பெயரில் அமெரிக்கா போயிற்று. இரு நாடுகளும் தூதரக உறவு கொண்ட 1995-இல் குற்றம் என்ற சொல்லும் போய் இப்போதைய பெயர் வந்தது. அருங்காட்சியகமே போரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வரும்போது, சுற்றுலாப் பயணி மட்டும் அந்த நகரத்தைப் போர்க்களமாகவே பார்த்துவிட்டுத் திரும்புவது என்ன நியாயம்?

பார்ப்பதற்கு வேறு அடுக்குகள் இல்லாமலா இருக்கின்றன! 1880-இல் முடிந்த நோத்ர் தாம் தேவாலயம் நெடுநாளாகப் பழுதுபார்ப்பில் இருக்கிறது. சாரத்தைப் பார்த்துவிட்டு எதிரே தபால் நிலையத்துக்குள் போய்விடலாம். அதைக் கட்டியது ஈஃபில் கோபுரத்து ஈஃபில் என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள்; உண்மையில் அது ஃபூலூ என்ற அரசுக் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. உள்ளே இரு பக்கச் சுவர்களிலும் 1892-ஆம் ஆண்டு வரைபடங்கள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று அன்று சைகோன் என்றழைக்கப்பட்ட இந்த நகரம், மற்றொன்று தென் வியட்நாம், கம்போடியா வழியே ஓடும் தந்திக் கம்பிகள். ஒரு பேரரசு தன் பிடியைத் தானே வரைந்து மாட்டிக்கொண்ட படம் அது. இத்தனை அழகுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை, ஓபரா அரங்கை ஒட்டிய ஹாய் பா டிரங் தெருவில் இருந்த அரசு அபினி ஆலை. அபினி, உப்பு, சாராயம் மூன்றையும் ஏகபோகமாக வைத்து வரி கறந்துதான் இந்தோசீனா நிர்வாகம் நடந்தது. ஆலை வளாகம் பிற்காலத்தில் உணவகங்களாயிற்று. தேவாலயத்தின் முன் படம் எடுக்கிற ஆயிரம் பேரில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம்.

தமிழர்களுக்கு அங்கே பார்க்க இன்னொரு அடுக்கும் உண்டு. பென் தான் சந்தையிலிருந்து சில நிமிடம் நடந்தால் மாரியம்மன் கோயில். இன்னும் சற்று நடந்தால் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் எழுப்பிய பள்ளிவாசல் டோங் டு தெருவில். மாரியம்மன் கோயிலில் இன்று வணங்குகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். கைநிறைய ஊதுபத்தியோடு வந்து, கருவறையின் பின்சுவரில் நெற்றியைப் பதித்துத் தங்கள் குறையை அம்மனிடம் முணுமுணுக்கிறார்கள். வெளிநாடு போயும் கோயிலா என்று இளையவர்கள் சலித்துக்கொள்ளக்கூடும். பெருமை பேசுவதற்காக மட்டும் போவதானால் அந்தச் சலிப்பு நியாயமே. ஆனால் அந்த வரலாறு முழுக்கப் பெருமைக்குரியதல்ல என்பதால்தான் போகச் சொல்கிறேன். 1875-இல் தொடங்கிய இந்தோசீனா வங்கி, சைகோனிலும் புதுச்சேரியிலும் ஒருசேர இயங்கியது. இரண்டும் ஒரே பேரரசின் துறைமுகங்கள். தங்கள் சமயச் சட்ட உரிமையைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் சைகோனில் வரி வசூலிலும் காவல்துறையிலும் நீதிமன்றத்திலும் வேலை பார்த்தார்கள்; பெரும்பாலான வியட்நாமியருக்கு இல்லாத வாக்குரிமை அவர்களுக்கு இருந்தது. மேகோங் படுகையின் நிலவுடைமையாளர்களுக்கு நெல்வயலை ஈடாக வைத்துச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன்கள் முறிந்தபோது அவர்கள்மீது கசப்பு பெருகியது. ஆண்டவர்களின் பக்கம் நின்ற தமிழரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அதைப் பேச ஒரு இடம் அந்தக் கோயில் வாசல்.

இதற்கெல்லாம் நடக்க வேண்டுமே, அந்த வெயிலில் வயதானவர்களை எப்படி நடத்திக் கூட்டிப்போவது என்பது பொருட்படுத்த வேண்டிய ஆட்சேபம்தான். ஆண்டு முழுவதும் புழுக்கம். மே முதல் நவம்பர் வரை பிற்பகலில் மழை கொட்டும். ஆனால் மேலே சொன்ன இடங்கள் எல்லாம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். முடியாத இடத்தில் செயலி வழியாகக் கார் வரவழைத்தால் சில நிமிடப் பயணம். கூச்சிக்கு வேனில் மூன்று, நான்கு மணி நேரம் உட்காரும் முதுகுக்கு இது எவ்வளவோ மேல். காலையில் மாளிகை திறந்ததும் அங்கே தொடங்கி, உச்சி வெயிலில் அருங்காட்சியகத்துக்குள் இருந்துவிடலாம். சாலையைக் கடப்பதுதான் புதியவருக்குப் பெரும் சோதனை. மோட்டார் சைக்கிள் வெள்ளம் நிற்காது; ஓடாமல், தயங்காமல், பின்வாங்காமல் ஒரே சீராக நடந்தால் வண்டிகள் விலகிக்கொண்டு போகும். சைவம் உண்போர் சாதாரணக் கடைகளில் காய்கறி வதக்கலிலும் மீன்சாறு சேரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பௌத்தர்களுக்கான தனிச் சைவ உணவகங்கள் நகரமெங்கும் உண்டு.

பொழுது சாய்ந்ததும் போரும் பிரெஞ்சுக்காரரும் இல்லாத நகரம் ஒன்று வெளியே வருகிறது. நாட்டின் மக்களில் பெரும்பான்மையினர் 1975-க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களை நடைபாதைச் சிறு நாற்காலிகளில், கட்டிப்பால் கலந்த குளிர் காபியோடு பார்க்கலாம். முன்பு கால்வாயாக இருந்து, தூர்த்துச் சாலையாகி, 2015-இல் நடைவெளியான நுயென் ஹுவே தெருவில் கூட்டம் நள்ளிரவு வரை கலையாது. 2024 டிசம்பரில் திறந்த முதல் மெட்ரோ பாதையில் பென் தானில் ஏறினால், மூன்று நிலையங்கள் வரை பூமிக்கடியில் போய், பிறகு மேலெழுந்து 461 மீட்டர் உயரமுள்ள லேண்ட்மார்க் 81 கட்டடத்தின் பக்கமாக ஓடும். ஏறக்குறைய 20 கிலோமீட்டர் பாதை. வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டத்தோடு ஒரு முறை போய்வந்தால், எந்த வழிகாட்டியும் சொல்லாததைத் தெரிந்துகொள்ளலாம். 2025 ஜூலையில் அண்டை மாகாணங்கள் இரண்டை இணைத்துக்கொண்டு, பழைய மாவட்டப் பிரிவுகளையும் கலைத்துவிட்ட நகரம் இது. ஊர்க்காரர்கள் பலர் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள்.

இரண்டாவது நாள் கையில் இருப்பவர்கள் தாராளமாகக் கூச்சிக்குப் போகட்டும். மாளிகையையும் அருங்காட்சியகத்தையும் பார்த்த பிறகு போனால் அந்தச் சுரங்கமும் கூடுதலாகப் புரியும். ஒரே நாள்தான் என்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்பே முகவரிடம் சொல்லிக் கூச்சியை அட்டவணையிலிருந்து அடித்துவிடுங்கள். மாளிகைக்கு முழுக் காலைப்பொழுதையும் கேட்டு வாங்குங்கள்.