பத்துப் படமும் திரும்பி வந்த கதை

மைசூருக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு. ஆபீஸ், வீடு, லீவு கிடைச்சா தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பிடிச்சு கோவில்பட்டின்னு ஓடிட்டிருந்தவன் கையில போன வருஷம் ஒரு கேமரா வந்து சேர்ந்தது. "இவ்வளவு படத்தையும் ஹார்ட் டிஸ்க்ல பூட்டி வச்சு என்ன பண்ணப் போறீங்க?"ன்னு தங்கமணி கேட்க, ரோஷம் பொத்துக்கிட்டு வந்து பத்துப் படத்தைப் பொறுக்கி ஒரு ஸ்டாக் போட்டோ ஏஜென்சிக்கு அனுப்பினேன்.

பத்தும் ரிஜெக்ட்!

ரெண்டு நாள் கோபம். அப்புறம்தான் ஒவ்வொண்ணுக்கும் போட்டிருந்த காரணத்தைப் பொறுமையா படிச்சேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சுமார் 97 ஆயிரம் பல்பு எரியுற அரண்மனை. கையில பிடிச்சு, ஐஎஸ்ஓவை ஏத்தி எடுத்தது. போன்ல பார்த்தா ஜொலிக்குது. கம்ப்யூட்டர்ல 100 சதவீதம் பெருசாக்கினா வானம் பூரா புள்ளி புள்ளியா நாய்ஸ். தேவராஜ மார்க்கெட் குங்குமக் குவியல் நாலு படம், எல்லாம் ஒரே குவியல், ரெண்டு இன்ச் தள்ளித் தள்ளி. "ஒரே மாதிரி"ன்னு நாலும் அவுட். தெருப் படங்கள்ல பின்னாடி ஹோர்டிங், அதுல கம்பெனி லோகோ. இன்னொருத்தன் லோகோ இருக்கிற படத்தை எந்த விளம்பரக்காரன் வாங்குவான்?

யோசிச்சுப் பாருங்க. இதுல எதுவுமே "உனக்குப் படம் எடுக்கத் தெரியலை"ன்னு சொல்லலை. நாம படத்துல அந்த நாளைப் பார்க்கறோம். அவங்க கேட்கறது ஒண்ணே ஒண்ணுதான்: காசு கொடுத்து வாங்கறவர் இதை வம்பில்லாம பயன்படுத்த முடியுமா?

இதெல்லாம் ஒத்துக்கிட்டேன். மனசு ஆறாதது பத்தாவது படத்துக்குத்தான். மார்க்கெட்ல மல்லிகை கட்டற அக்கா. சத்தியமங்கலத்துப் பக்கம். நம்ம தமிழ்ல பேசறாங்கன்னே அவங்ககிட்ட பூ வாங்குவோம். காரணம்: மாடல் ரிலீஸ் இல்லை. அதாவது படத்துல இருக்கிறவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் கடிதம். செய்திக்கு மட்டும்னு தனிப் பிரிவு இருக்கு, அதுக்கு இது தேவைப்படாது. விளம்பரத்துக்கு விக்கணும்னா கட்டாயம். நம்ம ஊர்ல யாருங்க கையெழுத்து வாங்கிட்டுப் படம் எடுக்கறாங்கன்னு புலம்பினேன்.

அப்புறம் ஒரு வழக்கைப் பத்திப் படிச்சேன். 2013ல நியூயார்க்ல ஒரு பெண்ணோட படம் கெட்டி இமேஜஸ் வழியா விற்பனையாகி, எச்.ஐ.வி. பத்தின அரசு விளம்பரத்துல வந்துச்சு. அவருக்கு எச்.ஐ.வி. கிடையாது. விளம்பரத்துல பயன்படுத்த அவர் கையெழுத்தும் போடலை. தெரிஞ்சவங்க எல்லாம் பார்த்தாங்க. கோர்ட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு, படத்தைப் பிரின்ட் போட்டு, ரிலீஸ் பாரத்தோட மார்க்கெட்டுக்குப் போனேன்.

"இதை எங்க போடுவாங்க தம்பி?"

"வாங்கறவங்களைப் பொறுத்தது அக்கா."

"கடன் வாங்கிக் கஷ்டப்படறவன்னு போட்டா? ஊர்ல சம்பந்தி வீட்டுல பார்ப்பாங்களே."

எங்கிட்ட பதில் இல்லை. பாரமோ இங்கிலீஷ்ல. வற்புறுத்தியிருந்தா எனக்காகக் கையெழுத்துப் போட்டிருப்பாங்க. அதுக்குப் பேர் ஒப்புதலா? பாரத்தை மடிச்சுப் பையில வச்சுட்டு, பிரின்ட்டை மட்டும் கொடுத்தேன். அன்னைக்குப் பூவுக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

வெளியூர்ல இருக்கிற நமக்கு, நம்ம பாஷை பேசற முகத்தைப் பார்த்தா உடனே படம் எடுக்கத் தோணும். எடுங்க, வீட்டுல மாட்டுங்க. ஆனா விக்கறதுன்னு வந்துட்டா அந்த முகம் நம்மளுது இல்லை. பத்து ரிஜெக்ட்லயும் என்னை ரொம்ப எரிச்சல்படுத்தினதுதான் ரொம்ப நியாயமானது.

அடுத்த பத்துக்கு ட்ரைபாட் ஒண்ணு ஆர்டர் பண்ணியாச்சு. தங்கமணிக்கு இன்னும் சொல்லலை.