ஏசியவர்க்கு எம் வாக்கு இல்லை

தேர்தல் நெருங்கினால் மேடைகள் கொதிக்கின்றன. மாற்றினத்தாரை எவ்வளவு கடுமையாக ஏசுகிறோமோ அவ்வளவுக்கு வாக்குக் குவியும் என்று கணக்கிடும் அபேட்சகர்களை இந்நாடு நன்கு அறியும். அக்கணக்குச் சரிதானா? மாத்தளை மாவட்டத் தமிழர் இதனை ஆராய்ந்தே தீரவேண்டும். இம்மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கினர் சிங்கள மக்கள். தமிழரும் முஸ்லிம்களும் எஞ்சிய ஒரு பங்கினர். மேடையில் மூட்டப்படும் தீ முதலில் எட்டுவது நம் லயன்களையும் கடைவீதிகளையுமே என்பதை 1977ஆம் ஆண்டும் 1983ஆம் ஆண்டும் கற்பித்தன.

உண்மையை மறைப்பதாற் பயனில்லை. துவேஷப் பேச்சு வெற்றி தந்ததுண்டு. 1956இல் திரு. பண்டாரநாயக்கா, இருபத்து நான்கு மணி நேரத்தில் சிங்களம் மட்டும் என முழங்கி, 95 தொகுதிகளில் 51ஐக் கைப்பற்றினார். அதே முழக்கத்தைக் களனி மகாநாட்டில் அவசரமாக இரவல் வாங்கிய ஐக்கிய தேசியக் கட்சிக்கோ எட்டே ஆசனங்கள்! வென்றவராவது நிம்மதி கண்டாரா? தந்தை செல்வநாயகத்துடன் 1957இல் செய்த ஒப்பந்தத்தை, தாம் வளர்த்த வெறியருக்கு அஞ்சி, மறு ஆண்டே கிழித்தெறிந்தார். 1959இல் பிக்கு ஒருவரின் குண்டுக்கே இரையானார்.

அன்று அப்பேச்சு பலித்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்குத் தமிழரின் வாக்குச் சிங்களத் தொகுதிகளின் முடிவை மாற்ற இயலாது. மாற்றவல்ல தோட்ட மக்களோ, 1947இல் ஏழு பிரதிநிதிகளை அனுப்பியவர்கள், 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தாலும் அதனை அடுத்து வந்த சட்டத்தாலும் வாக்கிழந்து நின்றனர். ஏசப்பட்டவன் கையில் வாக்குச் சீட்டு இல்லை. ஆகவே ஏச்சுக்கு விலையும் இல்லை!

இன்று நிலை வேறு. ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதும் ஒரே தொகுதி. முஸ்லிம்களுக்கு எதிரான வெறியாட்டத்தை 2014இல் அடக்கத் தவறிய திரு. மகிந்த ராஜபக்ச, 2015 ஜனவரியில் ஏறத்தாழ நான்கரை இலட்சம் வாக்குகளால் தோற்றார். தமிழரும் முஸ்லிம்களும் திரண்டு அளித்த வாக்கே தராசைச் சாய்த்தது. தம்புள்ளைப் பள்ளிவாசலுக்கு எதிராக 2012இல் எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. அத்தகைய கூச்சலையே தொழிலாகக் கொண்ட பொது பல சேனா 2015 பொதுத் தேர்தலில் ஒரு கட்சியின் பேரால் களமிறங்கியபோது ஓர் ஆசனமேனும் பெறவில்லை.

ஆயினும் 2019இல், உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் அச்சம் ஆறாதிருந்த வேளையில், திரு. கோட்டாபய ராஜபக்ச பெரும்பாலும் சிங்கள வாக்குகளாலேயே வென்றார். அடுத்த ஆண்டு மாத்தளையின் ஐந்து ஆசனங்களில் நான்கு அவரது கட்சிக்குக் கிடைத்தன. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கமக்காரனின் வயலும் தோட்டமும் வாடின. சிங்களக் கமக்காரனின் பயிர், தமிழனுடையது போலவே வாடியது! 2022 ஜூலையில் அவர் நாட்டை விட்டோடினார். 2024இல் அதே மாத்தளை, ஊழலையும் வாழ்க்கைச் செலவையும் பற்றிப் பேசிய தேசிய மக்கள் சக்திக்கு நான்கு ஆசனங்களை அளித்தது. துவேஷத்தின் மீதுள்ள வெறுப்பினால் மட்டும் அன்று. துவேஷம் உரமூட்டை ஆகாது என்று வயிறு உணர்த்தியதனால்.

முடிவு தெளிவு. அச்சம் பச்சையாக இருக்கும்போதும், ஏசப்பட்டவர் வாக்கற்றோ வாளாவோ இருக்கும்போதும் அனற்பேச்சு உதவும். ஆட்சியை நிலைநிறுத்த அது ஒருபோதும் உதவாது.

நம் மேடைகளுக்கும் இது பொருந்தும். மாற்றுக் கருத்தினரைத் துரோகிகள் என ஏசிய எழுபதுகளின் முழக்கம் கைதட்டலையும் வாக்கையும் ஈட்டியது. பின்னர் அச்சொல் அம்மேடைகளின் தலைவர்களையே பற்றியது. திரு. அமிர்தலிங்கம் 1989இல் தமிழரின் துப்பாக்கிக்கே பலியானார்.

இன்றைய தேர்தல் முறையில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று விருப்பு வாக்குகள் உண்டு. ஒரே கட்சியின் அபேட்சகர்கள் தமக்குள் முந்துவதற்காகவே குரலை உயர்த்துவதும், சில ஆயிரம் விருப்பு வாக்குகளால் வெல்வதும் தோற்பதும் இம்முறையால்தான். ஆகவே நம் சிறு தொகை வலிமையற்றதன்று. ஆசிரியரும் வைத்தியரும் சட்டத்தரணிகளும் தத்தம் ஊர் மக்களின் பெயர்கள் இடாப்பில் உள்ளனவா என்று ஆண்டுதோறும் பார்க்கட்டும். கமக்காரரும் தோட்டத் தொழிலாளரும் வாக்களிக்கும் நாளில் வீட்டிலிராதிருக்கட்டும். எக்கட்சியாயினும், எம் மக்களையோ அயலாரையோ ஏசியவனுக்கு எமது விருப்பு வாக்கு இல்லை என்று மாத்தளைத் தமிழர் உறுதி பூணுவாராக! ஏச்சுக்கு விலை உண்டு என்று அறிந்த அன்றே மேடைகள் அடங்கும்.